பேஸ்மென்ட்டில் புது ஆயில் ஃபர்னஸ்: பொருத்தும்போதும் முதல் தடவை ஓடவிடும்போதும் பார்க்க வேண்டியவை

மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் பக்கம் பழைய வீடு வாங்கிய நம் ஆட்கள் பலர் முதல் குளிர்காலம் வந்த பிறகுதான் பேஸ்மென்ட்டுக்குள் ஒழுங்காக இறங்கிப் பார்க்கிறார்கள். மூலையில் பெரிய இரும்பு டேங்க், அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு செம்புக் குழாய், அது போய்ச் சேரும் இடத்தில் வருடக்கணக்காக உழைத்துக் களைத்த ஒரு ஃபர்னஸ். தெருவில் கேஸ் லைன் இருக்காது. மெய்னில் ஏறக்குறைய பாதி வீடுகள் இன்றும் ஆயிலில்தான் சூடாகின்றன. கனடாவில் நோவா ஸ்கோஷியா பக்கமும் ஆயில் வீடுகள் நிறைய. பழையது ஓய்ந்து புதியது போட வேண்டி வந்தால் என்னென்ன நடக்கும், எதெல்லாம் நடந்தே ஆக வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

நாமே போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், பெரும்பாலான இடங்களில் சட்டமும் விடாது. மாசசூசெட்ஸில் ஆயில் பர்னர் டெக்னீஷியன் சான்றிதழ் வைத்திருப்பவர்தான் இந்த வேலையைச் செய்யலாம், அதற்கு ஊர் தீயணைப்புத் துறையிடம் பெர்மிட் வாங்க வேண்டும். ஒன்டாரியோவில் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பின் சான்றிதழ் வேண்டும். அமெரிக்காவில் இதற்கான விதிநூல் என்.எஃப்.பி.ஏ. 31, கனடாவில் சி.எஸ்.ஏ. பி139. சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், எரிந்து வெளியேறும் புகையை அளக்கும் கருவிகள் நம்மிடம் கிடையாது, அவை இல்லாமல் ஆயில் பர்னரைச் சரியாக வைக்க எத்தனை வருட அனுபவக்காரராலும் முடியாது. கண்ணால் தீயைப் பார்த்து, "நல்லா எரியுது, பளிச்சுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வேலை அப்படி அவரைக் கிளம்ப விடாமல் இருப்பது. அதற்கு இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன விளக்கம் முதலில். டக்ட் வழியாகச் சூடான காற்று வருகிறது என்றால் அது ஃபர்னஸ். ரேடியேட்டரிலோ சுவரோரக் குழாயிலோ வெந்நீர் ஓடுகிறது என்றால் பாய்லர். ஆயிலை எரிக்கும் பாகமான பர்னர் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் பர்னரின் மோட்டார் சுழலும். அதோடு சேர்ந்தே பம்பும் சின்ன விசிறியும் சுற்றும். பம்ப் ஆயிலை 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில், இப்போது வரும் பர்னர்களில் பெரும்பாலும் 140 அல்லது 150 பி.எஸ்.ஐ.யில், கட்டைவிரல் நுனி அளவுள்ள பீய்ச்சும் முனையான நாசிலுக்குள் தள்ளும். அது பனிப்புகை போலப் பீய்ச்சும். பக்கத்தில் இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே 10,000 வோல்ட்டோ அதற்கு மேலோ பொறி பாய்ந்துகொண்டிருக்கும், அதில் பிடித்துக்கொள்ளும். தீ உண்மையிலேயே வந்ததா என்று பார்க்க கேட் செல் என்றொரு சின்னக் கண் உள்ளே இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை சடாரென இறங்கும். 15, 30 அல்லது 45 விநாடிக்குள், அது பர்னரை இயக்கும் பெட்டியான கன்ட்ரோலைப் பொறுத்தது, வெளிச்சம் தெரியவில்லை என்றால் கன்ட்ரோல் எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டை எடுக்கத்தான் சிவப்பு ரீசெட் பட்டன். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆயில் ஃபர்னஸில் நடக்கும் பெரிய அசம்பாவிதங்களில் நிறைய அந்தப் பட்டனில்தான் ஆரம்பிக்கின்றன.

எத்தனை பெரியது வேண்டும்

பழையது எவ்வளவோ அதே அளவு போட்டுவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள். பழைய வீடுகளில் பல ஃபர்னஸ்கள் தேவைக்கு மீறிப் பெரியவை. அதற்குப் பிறகு ஜன்னல் மாற்றியிருப்பார்கள், மாடியில் இன்சுலேஷன் போட்டிருப்பார்கள், தேவை இன்னும் குறைந்திருக்கும். பெரிய ஃபர்னஸ் ஐந்து நிமிடம் ஓடி நிற்கும், மறுபடி ஓடும், நிற்கும். ஒவ்வொரு முறை பற்றும்போதும் கொஞ்சம் கரி சேரும், வீடும் ஒரே சீராகச் சூடாகாது. மேனுவல் ஜே என்ற முறையில் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்களே ஒரு தோராயக் கணக்கு போடலாம். ஹீட்டிங் ஆயில் ஒரு கேலனில் சுமார் 1,38,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. நாசிலின் மேல் 0.75 என்று பொறித்திருந்தால் 100 பி.எஸ்.ஐ.யில் மணிக்கு முக்கால் கேலன் பீய்ச்சும், அதாவது ஏறக்குறைய 1,04,000 பி.டி.யு. உள்ளே போகிறது. அதே நாசிலை 140 பி.எஸ்.ஐ.யில் ஓட்டினால் மணிக்கு சுமார் 0.89 கேலன், 1,23,000 பி.டி.யு. ஆகிவிடும். ஆகவே நாசில் எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை, பம்ப் அழுத்தமும் தெரிய வேண்டும். இரண்டும் ஃபர்னஸின் பெயர்ப்பலகையில் சொல்லியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். திறன் விஷயத்தில், 2013 முதல் அமெரிக்காவில் தயாராகும் வீட்டு ஆயில் ஃபர்னஸுக்குக் குறைந்தபட்சம் 83 சதவீதம். அதற்கு மேல் போகப் போக விலை ஏறும், சிம்னியில் புகையின் சூடு குறையும், அது ஒரு தனிப் பிரச்சினை.

டேங்க்கும் குழாயும்

புது ஃபர்னஸ் என்றதும் எல்லார் கண்ணும் அந்தப் பளபளப்பான பெட்டி மேலேயே இருக்கும். தொல்லை கொடுப்பதோ பெரும்பாலும் டேங்க்கும் குழாயும்தான்.

வீட்டுக்குள் வழக்கமாக இருப்பது 275 கேலன் டேங்க். அது ஃபர்னஸிலிருந்து, அல்லது வேறு எந்த நெருப்பிலிருந்தும், குறைந்தது 5 அடி தள்ளி இருக்க வேண்டும். அடிப்பக்கம் கையை வைத்துத் தடவிப் பாருங்கள்: ஈரமோ, கொப்புளம் மாதிரி துருவோ தென்பட்டால் புது ஃபர்னஸோடு டேங்க்கையும் மாற்றிவிடுவது நல்லது. இரும்பு டேங்க் உள்ளிருந்து அரிக்கும். அடியில் தேங்கும் தண்ணீரும் கசடும்தான் காரணம், வெளியே பெயின்ட் புதிதாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பேஸ்மென்ட் தரையில் ஆயில் கொட்டினால் சுத்தம் செய்யும் செலவு ஃபர்னஸ் விலையையே தாண்டிவிடும், வழக்கமான வீட்டு இன்சூரன்ஸ் பல நேரம் அதைக் கொடுக்காது.

டேங்க்கிலிருந்து இரண்டு குழாய்கள் வெளியே போகும், ஒன்று ஆயில் ஊற்ற, இன்னொன்று காற்று வெளியேற. காற்றுக் குழாயில் ஒரு விசில் இருக்கும். லாரிக்காரர் ஆயில் ஊற்றும்போது அது ஊதிக்கொண்டே இருக்கும், டேங்க் நிரம்பினால் நின்றுவிடும். விசில் சத்தமே கேட்கவில்லை என்றால் நல்ல ஓட்டுநர் உடனே நிறுத்திவிடுவார். இதோடு சேர்த்து ஒன்று: பழைய டேங்க்கை எடுத்து வேறிடத்தில் வைத்தாலோ, ஆயிலை விட்டுவிட்டு வேறு முறைக்கு மாறினாலோ, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஊற்றும் குழாயை அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும். குழாய் மட்டும் நிற்க, உள்ளே டேங்க் இல்லாத வீட்டில் முகவரி மாறி வந்த லாரிக்காரர் நூற்றுக்கணக்கான கேலனைத் தரையில் இறைத்த சம்பவங்கள் உண்டு. மூடி போட்டு வைத்தால் போதாது, மூடியைத் திறக்கத்தான் அவரிடம் சாவி இருக்கிறதே.

டேங்க் அடியிலிருந்து பர்னருக்குப் போகும் செம்புக் குழாய் பெரும்பாலும் பழசாகவே, சில சமயம் கான்கிரீட்டுக்குள் நேராகப் புதைந்தே கிடக்கும். ஈரக் கான்கிரீட் செம்பை மெல்ல மெல்ல அரித்துவிடும், ஆயில் எங்கே போகிறதென்றே தெரியாது. மாசசூசெட்ஸில் 2011 செப்டம்பர் 30க்குள் வீடுகளில் இந்தக் குழாய்க்குப் பிளாஸ்டிக் உறையோ, டேங்க் பக்கம் ஒரு பாதுகாப்பு வால்வோ போட்டிருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. உங்கள் வீட்டில் இரண்டும் இல்லை என்றால் புது ஃபர்னஸ் போடும் அன்றே உறையோடு புதுக் குழாய் இழுத்துவிடச் சொல்லுங்கள். கூலியில் பெரிய வித்தியாசம் வராது.

குழாய் இணைப்புகளில் பார்க்க வேண்டியது மூன்று. முனையை விரித்துப் பொருத்தும் ஃபிளேர் இணைப்புதான் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயில் போடும் கம்ப்ரஷன் வகை கூடவே கூடாது, அது காற்றை உறிஞ்சும். மரைகளில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது, அதன் பிசிறுகள் உள்ளே போய் நாசிலையோ பம்ப் வடிகட்டியையோ அடைக்கும். ஆயில் தாங்கும் பசைதான் தடவ வேண்டும். டேங்க் பக்கம் ஒன்றும் பர்னர் பக்கம் ஒன்றுமாக, தீப்பிடித்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு வேண்டும். அதன் கைப்பிடியில் ஒரு உருகும் உலோகம் இருக்கிறது, 165 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகியதும் ஸ்பிரிங் வால்வை அடைத்துவிடும். வழியில் ஒரு ஃபில்டர். அது புதியதாக இருக்க வேண்டும், "பழசே நல்லாத்தான் இருக்கு" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம், இதைத் தவறவிட்டால் புது பம்ப் முதல் நாளே கெடும். டேங்க்கிலிருந்து ஒரே குழாய் வந்தால் பம்ப்புக்குள் இருக்கும் பைபாஸ் பிளக் என்ற சின்னத் திருகு இருக்கக் கூடாது. இரண்டு குழாய், அதாவது மிஞ்சிய ஆயில் திரும்பி டேங்க்குக்குப் போகும் அமைப்பு என்றால் அது இருந்தே ஆக வேண்டும். ஒற்றைக் குழாயில் பிளக்கைக் கழற்ற மறந்துவிட்டால் அழுத்தம் போக வழியில்லாமல் பம்ப்பின் சீல் பிய்த்துக்கொள்ளும். நாம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "பைபாஸ் பிளக் பார்த்தாச்சா?" இந்தக் கேள்வி கேட்கும் வீட்டுக்காரரை டெக்னீஷியன் கொஞ்சம் வேறு மாதிரி பார்ப்பார்.

சிம்னியும் காற்றும்

பழைய ஃபர்னஸின் புகை நல்ல சூட்டோடு போகும், செங்கல் சிம்னி அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். புதியதின் புகை குளிர்ந்தது. பெரிய செங்கல் சிம்னிக்குள் மேலே போகும்முன் நீராகி, கந்தகத்தோடு சேர்ந்து உள்சுவரைத் தின்னும். 2018 ஜூலைக்குள் நியூ இங்கிலாந்து முழுவதும் 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) கந்தகம் மட்டுமே உள்ள ஆயிலுக்கு மாறியதால் இந்தத் தொல்லை முன்பைவிடக் குறைவு, ஆனாலும் சிம்னியைப் பார்க்காமல் புது ஃபர்னஸ் மாட்டுவது தவறு. சிம்னிக்குள் இறக்கும் ஸ்டெயின்லெஸ் குழாயான லைனர் வேண்டும் என்று சிம்னி ஆள் சொன்னால் பெரும்பாலும் அது வியாபாரப் பேச்சாக இருக்காது.

ஃபர்னஸிலிருந்து சிம்னிக்குப் போகும் தகரக் குழாய் சிம்னியை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் ஏறிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு மூட்டிலும் மூன்று ஸ்குரூ. ஒற்றைத் தகடு என்றால் மரம், அட்டை, சாமான் எதிலிருந்தும் 18 அங்குலம் விலகியிருக்க வேண்டும். அந்தக் குழாயில் தானாக ஆடும் ஒரு வட்டக் கதவு இருக்கும், பேரோமெட்ரிக் டேம்பர். காற்று அதிகமாகும்போது சிம்னியின் இழுவை, அதாவது புகையை மேலே இழுக்கும் விசை, கூடும், அப்போது அது திறந்து பேஸ்மென்ட் காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு, ஃபர்னஸின் மேல் இழுவை மாறாமல் பார்த்துக்கொள்ளும். விரலால் தொட்டால் லேசாக ஆட வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் அப்புறம் செய்யும் எந்த அளவீடும் செல்லாது.

எரிய காற்றும் வேண்டும். பேஸ்மென்ட்டைச் சுவர் வைத்து அறையாக்கி, ஃபர்னஸைச் சின்ன அலமாரிக்குள் அடைத்துவைத்திருக்கும் வீடுகளில் இது பெரிய சிக்கல். 1,000 பி.டி.யு.வுக்கு 50 கன அடி என்பது பழைய கணக்கு; அதற்குக் குறைந்த அறை என்றால் கதவிலோ சுவரிலோ மேலும் கீழும் திறப்பு வைத்தாக வேண்டும். துணி உலர்த்தும் மெஷின் பக்கத்தில் இருந்தால் அது ஓடும்போதும் இழுவையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அது அறைக் காற்றை வெளியே தள்ளும், புகை திரும்பி உள்ளே வர வழி செய்யும்.

மின்சாரத்துக்கு ஃபர்னஸுக்கென்றே தனி சர்க்யூட். பேஸ்மென்ட் படியின் உச்சியில் சிவப்பு மூடி போட்ட அவசர ஸ்விட்ச் இருக்க வேண்டும், கீழே இறங்காமலே நிறுத்துவதற்கு. புதிதாக வாங்கிய வீட்டில் அது விளக்கு ஸ்விட்ச் என்று நினைத்து அணைத்துவிட்டு, ஃபர்னஸ் ரிப்பேர் என்று விடுமுறை நாளில் ஆளைக் கூப்பிட்டு அதற்கு ஒரு பில்லும் கட்டியவர்கள் உண்டு. குழந்தைகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் சொல்லி வையுங்கள்.

முதல் தடவை ஓடவிடுவது

இங்கேதான் பொறுமை வேண்டும். காலையிலிருந்து பழையதை இறக்கி, புதியதை ஏற்றி, டக்ட் வேலை முடித்து, மாலை நான்கு மணிக்கு எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். முதல் ஓட்டத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வைக்கும்படி காலையிலேயே பேசிவிடுங்கள்.

பட்டனைத் தொடுவதற்கு முன்: உள்ளே எரியறைக்கு ஒரு விளக்கடித்துப் பார்த்து ஆயில் தேங்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். நாசிலின் எண், கோணம், எலக்ட்ரோடு இடைவெளி, மூன்றும் தயாரிப்பாளர் சொன்னபடி இருக்கிறதா என்று கையேட்டை வைத்துப் பார்க்க வேண்டும். ஃபர்னஸின் எல்லாக் கதவுகளும் மூடியிருக்கணும், காற்று ஃபில்டர் உள்ளே இருக்கணும், வீட்டில் சூடான காற்று வரும் ரெஜிஸ்டர் திறப்புகள் திறந்திருக்கணும். டேங்க்கில் ஆயில், வால்வுகள் திறந்தபடி.

அடுத்தது பம்ப்பிலிருந்து காற்றை எடுப்பது. இதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பம்ப்பின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு, அதில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி மறுமுனையை ஒரு டப்பாவில் விட்டு, 3/8 ஸ்பேனரால் திருகைத் தளர்த்தி பர்னரை ஓடவிடுவார். முதலில் புஸ்ஸென்று காற்று. பிறகு இளஞ்சிவப்பு நுரை, குதித்துக் குதித்து. நுரை நடுவே இடைவெளிகள் குறைந்து, குழாய் முழுக்க அசையாத ஒரே சிவப்பாக நிறையும். (அந்தச் சிவப்பு, வரி இல்லாத ஆயில் என்று காட்டச் சேர்க்கும் சாயம், சாலையில் ஓட்டும் டீசலோடு யாரும் கலந்து ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக.) சிவப்பு நிறைந்ததும் உடனே மூடக் கூடாது, இன்னும் 15 விநாடியாவது ஓட விட வேண்டும். அப்போதும் குண்டூசித் தலை அளவு குமிழிகள் வந்துகொண்டே இருந்தால் எங்கோ இணைப்பில் காற்று நுழைகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. காற்று கலந்த ஆயில் தீயை அணைத்து அணைத்துப் பற்றவைக்கும், நாசிலிலிருந்து நின்ற பிறகும் சொட்டும். டப்பா ஆயிலைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றும் ஆளை நான் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன்.

திருகை மூடியதும் தீ பிடிக்க வேண்டும். இன்றைய கன்ட்ரோல்கள் பல, மோட்டாரைச் சுற்றவிட்டு 15 விநாடி வரை காற்றை மட்டும் ஊதி, அதற்குப் பிறகே ஆயில் வால்வைத் திறக்கும். உடனே தீ வரவில்லையே என்று பதற வேண்டாம். பிடிக்கும்போது "டொம்" என்று சத்தம் வந்தால் தாமதமாகப் பற்றுகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்தி எலக்ட்ரோடைப் பார்க்க வேண்டும். சத்தமில்லாமல், சட்டென்று பிடிக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் புது இரும்பில் தடவிய எண்ணெய் காய்ந்து வீடெங்கும் வாசனை வரும். ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், புகை உணர் அலாரம் அடித்தாலும் அடிக்கும். நாள் கடந்தும் வாசனை போகவில்லை என்றால் அது வேறு விஷயம், கூப்பிட வேண்டும்.

சரி, தீ எரிகிறது. இதோடு வேலை முடிந்தது என்று கருவிப் பெட்டியை மூடினால், மூட விடாதீர்கள். 10, 15 நிமிடம் ஓடிச் சூடு நிலைத்த பிறகுதான் அளவீடே ஆரம்பிக்கிறது, அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் இழுவை. தீயின் மேல் எதிர்மறை 0.01 முதல் 0.02 அங்குல நீர் அளவு (மிகச் சிறிய அழுத்தத்துக்கான அலகு), புகைக்குழாயின் வாயில் 0.03 முதல் 0.05 வரை. டேம்பரின் எடையை நகர்த்தி இதைச் சரிசெய்வார். இழுவை சரியாகாமல் மற்றதை அளந்தால் மறுபடி எல்லாம் மாறிவிடும்.

அடுத்து புகை. தகரக் குழாயில் கால் அங்குலத் துளை, அதில் ஒரு கைப்பம்ப்பின் குழலைச் செருகி, வெள்ளை ஃபில்டர் காகிதம் வழியாகப் பத்து முறை இழுப்பார். காகிதத்தை வெளியே எடுத்தால் நடுவில் ஒரு வட்டம். 0 முதல் 9 வரை உள்ள அட்டையோடு அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். 9 என்றால் மையிட்ட மாதிரி கறுப்பு, 0 என்றால் காகிதம் போட்டது போட்டபடி. கையாளத் தெரிந்தவர்கள் செய்வது என்னவென்றால், காற்றைக் குறைத்துக் குறைத்து, வட்டம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சாம்பல் நிழலாக விழும் இடம் வரை போய், அந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று அளந்து, அதிலிருந்து ஒன்றிரண்டு சதவீதம் குறையும்படி காற்றைத் திறப்பார்கள். புகை பூஜ்யமாகும், குளிர், காற்று, அழுக்கு என்று வருடம் முழுக்க மாறுவதற்கும் கொஞ்சம் இடம் இருக்கும். கடைசியில் கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் 10லிருந்து 12.5 சதவீதத்துக்குள் நிற்கும். கருவி ஆக்ஸிஜனைக் காட்டினால், ஆக்ஸிஜன் 5 சதவீதம் என்பது கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 12. காகிதத்தில் சாம்பலோ கறுப்போ இல்லாமல் மஞ்சள் கறை விழுந்தால் எரியாத ஆயில் வருகிறது, அது நல்லதில்லை.

கார்பன் மோனாக்சைடு அளவை எண்ணாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். நன்றாக எரியும் ஆயில் பர்னரில் 50 பி.பி.எம்.முக்குக் கீழே இருக்கும், 100ஐத் தாண்டினால் காரணம் தெரியாமல் விட்டுப் போகக் கூடாது. அப்புறம் புகையின் சூடு, பம்ப் அழுத்தம், வீட்டுக்குப் போகும் காற்றுக்கும் திரும்பி வரும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம். இந்தக் கடைசி அளவு பெயர்ப்பலகையில் ஒரு வரம்பாக அச்சிட்டிருக்கும், 55 முதல் 85 டிகிரி ஃபாரன்ஹீட் என்கிற மாதிரி. அதற்கு மேல் போனால் காற்றோட்டம் போதவில்லை, வீட்டுக்குக் காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயரின் வேகத்தைக் கூட்டணும், அல்லது டக்ட் சிறியது. இப்படியே விட்டால் தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிந்து சுருங்கி விரிசல் விடும், விரிசல் வழியாகப் புகை நீங்கள் சுவாசிக்கும் காற்றில் கலக்கும்.

எண்கள் எல்லாம் சரி என்றான பிறகும் பாதுகாப்புச் சோதனைகள் பாக்கி. கேட் செல் கம்பியைக் கழற்றிவிட்டு ஓடவிட வேண்டும்: கன்ட்ரோல் குறித்த விநாடிக்குள் பூட்டிக்கொள்கிறதா? ஓடும்போது ஆயில் வால்வை அடைக்க வேண்டும்: தீ போனதை உணர்ந்து நிற்கிறதா? ப்ளோயரைத் துண்டித்து பர்னரை மட்டும் ஓட்ட வேண்டும்: சூடு ஏறியதும் வரம்பு மீறாமல் காக்கும் லிமிட் ஸ்விட்ச் பர்னரை அணைக்கிறதா? படி உச்சியில் உள்ள சிவப்பு ஸ்விட்ச் உண்மையாகவே நிறுத்துகிறதா? இவற்றை அவர்தான் செய்ய வேண்டும், நீங்கள் விளையாட்டாகக்கூட முயலக் கூடாது, ஆனால் செய்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பெர்மிட் போட்ட இன்ஸ்பெக்டர் இன்னொரு நாள் வருவார், அவர் வருவதால் இவர் இதைத் தவிர்த்துவிடலாம் என்றில்லை.

சிவப்பு பட்டன்

நடு ராத்திரி வீடு குளிர்ந்து கிடக்கிறது, கீழே போனால் பட்டன் வெளியே வந்திருக்கிறது அல்லது சிவப்பு விளக்கு எரிகிறது. பார்க்க வேண்டியவை: மேலே உள்ள சிவப்பு ஸ்விட்ச், பிரேக்கர், தெர்மோஸ்டாட்டின் பேட்டரி, டேங்க்கின் அளவுகாட்டி. இவை எல்லாம் சரி என்றால் பட்டனை ஒரு முறை அழுத்தலாம். ஒரே ஒரு முறை. ஓடினால் ஓடட்டும், மறுபடி பூட்டிக்கொண்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.

காரணம் எளிது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தீ பிடிக்காமலே முக்கால் நிமிடம் வரை ஆயில் பீய்ச்சப்படலாம். அது எரியறையில் தேங்குகிறது. ஏழு முறை அழுத்திவிட்டு எட்டாவது முறை தப்பித்தவறிப் பிடித்துக்கொண்டால் தேங்கிய அத்தனையும் சேர்ந்து எரியும், கதவு பிய்த்துக்கொண்டு வரும், புகைக்குழாய் கழன்று விழும், டக்ட் வழியாகக் கரி வீடு முழுக்கப் படியும். பாத்திரம், துணி, குழந்தையின் பொம்மை, எல்லாவற்றிலும். புது கன்ட்ரோல்கள் தொடர்ந்து மூன்று முறை பூட்டிக்கொண்டால் பட்டனுக்குக் கட்டுப்படாத கடும் பூட்டுக்குப் போய்விடும். அதை எடுக்கும் வழியை எங்காவது வீடியோவில் பார்த்துச் செய்யாதீர்கள். வீட்டில் யாராவது ஏற்கனவே பல முறை அழுத்தியிருந்தால் டெக்னீஷியன் வந்ததும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், அவர் முதலில் உள்ளே தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். உள்ளே "கொர்" என்ற இரைச்சலோடு கட்டுக்கடங்காமல் எரிகிறது என்றால் கீழே போகவே வேண்டாம்: படி உச்சியில் ஸ்விட்சை அணை, எல்லாரையும் வெளியே கூட்டிப் போ, 911.

படுக்கையறைகளுக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் முதல் இரவைக் கழிக்காதீர்கள். ஒன்டாரியோவில் 2013இல் வந்த ஹாக்கின்ஸ் கின்யாக் சட்டத்துக்குப் பிறகு இது கட்டாயம். வுட்ஸ்டாக் நகரில் 2008இல் ஒரு குடும்பத்தில் நால்வர் இறந்ததையொட்டி வந்த சட்டம் அது. அங்கே காரணம் அடைபட்ட கேஸ் ஃபயர்ப்ளேஸ் என்றாலும் வாயு அதே வாயுதான்.

ஓட ஆரம்பித்த பிறகு

வருடம் ஒரு முறை நாசில், ஆயில் ஃபில்டர், பம்ப் வடிகட்டி மாற்றி, கரி துடைத்து, மறுபடி அளக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் கூப்பிட்டால் நிதானமாகச் செய்வார்கள். நவம்பரில் முதல் குளிர் இறங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். காற்று ஃபில்டரை நீங்களே மாதமோ இரண்டு மாதமோ பார்த்து மாற்றலாம், அதற்கு யாரும் வேண்டாம். டேங்க் வெளியே இருந்தால் கடும் குளிரில் சாதாரண ஆயில் மெழுகாகிக் குழாயை அடைக்கும், மண்ணெண்ணெய் கலந்து ஊற்றும்படி ஆயில் கம்பெனியிடம் குளிருக்கு முன்பே சொல்லுங்கள்.

டேங்க்கைக் கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஆயில் முழுக்கத் தீர்ந்தால் அடிக்கசடு குழாய்க்குள் போகும், காற்றும் ஏறும், லாரி வந்து ஊற்றினாலும் தானாக ஓடாது, மறுபடி காற்று எடுத்தாக வேண்டும். காலியாகிப் போன டேங்க்கில் புது ஆயில் விழும்போது ஃபர்னஸை அணைத்து வைத்து, கலங்கிய கசடு அடங்க ஒரு மணி நேரமாவது விட்டு ஓட்டுவது நல்லது.

அளந்த எண்களை டெக்னீஷியன் ஒரு அட்டையில் எழுதி ஃபர்னஸிலேயே தொங்கவிட வேண்டும்: தேதி, நாசில், பம்ப் அழுத்தம், இழுவை, புகை எண், கார்பன் டை ஆக்சைடு, மோனாக்சைடு, புகைச்சூடு. அச்சிட்ட சீட்டு கொடுத்தால் அதை போனில் படம் எடுத்து வையுங்கள், அந்த மை ஒரு கோடையில் மங்கிவிடும். அடுத்த வருடம் வேறு ஆள் வந்தால், புகைச்சூடு 60 டிகிரி ஏறியிருக்கிறது, உள்ளே கரி படிந்திருக்கிறது என்று அந்தப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.